கேட்க ஆளில்லாத வீடு

வீடு பார்க்கப் போகிறவர்கள் தண்ணீர் எப்படி வருகிறது, ரோடு எவ்வளவு அகலம், மழைக்கு ஒழுகுமா என்றெல்லாம் பார்ப்பார்கள். நான் பக்கத்து வீடு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்ப்பேன். அங்கே பகலில் ஆள் இருக்குமா, எல்லோரும் கம்பெனிக்குப் போய்விடுகிறவர்களா, அவர்கள் சமையலறை ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது, இவைதான் எனக்கு முக்கியம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் என்னை அடிப்பார். கத்தினால் யார் காதிலாவது விழவேண்டும்.

அவர், இவர் என்று எழுதுவது மரியாதைக்காக இல்லை. பிரிந்து இத்தனை வருடம் ஆகியும் கைக்கு வேறு எழுத வரவில்லை.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். இரண்டாயிரம் பிறந்த புதிதில், கல்யாணமான சூட்டோடு திருப்பூர் வந்தோம். பனியன் கம்பெனிகள் ஆள் கிடைக்காமல் அலைந்த காலம் அது. அவர் கட்டிங் மாஸ்டர். நான் வேறொரு கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தேன். அவருக்கு அவர் கம்பெனியில் தங்கமான மனுஷன் என்று பெயர். ஹெல்பர் பையன்களைக்கூட அதட்டமாட்டாராம். துணியை அடுக்கு அடுக்காக விரித்து, கோடு பிசகாமல் வெட்டுவாராம். கேட்கிற எனக்குச் சிரிப்பும் வரும், வயிறும் எரியும். கழுத்தில் தொங்கும் இஞ்ச் டேப்பை வீட்டுக்கு வந்தும் கழற்றமாட்டார். அதை நாலாக மடித்துத்தான் அடிப்பார். அதன் நுனியில் இருக்கும் பித்தளைத் தகடு பட்ட இடம் கன்றிப்போய் ஒரு வாரம் கிடக்கும்.

வேலம்பாளையத்தில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். வரிசையாக வீடுகள், நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். பக்கத்தில் தும்மினால் இங்கே கேட்கும். அந்தப் பக்கத்து வீட்டில் உள்ளூர்க்கார அக்கா ஒருத்தி இருந்தாள். கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவள். எங்கள் வீட்டில் அடி விழுகிற சத்தம் கேட்டதும் கையில் ஒரு டம்ளரோடு வந்து கதவைத் தட்டுவாள்.

"தம்பி, ஒறமோரு ஒரு சொட்டு இருக்குதுங்களா? பாலு காச்சி வெச்சுப்போட்டு உக்காந்திருக்கறனுங்க."

அவர் மூச்சு வாங்கிக்கொண்டே போய்க் கதவைத் திறப்பார். "இல்லக்கா" என்பார். அவருக்குத் தயிர் ஆகாது, எங்கள் வீட்டில் மோர் என்ற பேச்சுக்கே இடமில்லை. அது அக்காவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் நகரமாட்டாள். தண்ணி லாரி இன்னைக்கு வருமுங்களா, கம்பெனியில ஆர்டர் எப்படீங்க, ஊர்ல மழைங்களா என்று நின்று நிதானமாகப் பேசுவாள். அவர் டேப்பை முதுகுக்குப் பின்னால் பிடித்தபடி ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்வார். அதற்குள் அவர் வேகம் அடங்கிவிடும். அக்கா ஒருநாளும் ஏன் அடிக்கிறீர்கள் என்று அவரிடம் கேட்டதில்லை. நானும் அவளிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. அடியை அடி என்று யாரும் சொல்லாமலே, உறைமோர் கேட்கிற மரியாதையில் என் உயிர் தப்பிக்கொண்டிருந்தது.

அவரும் முட்டாள் இல்லை. ஒருநாள் அக்கா போனபிறகு கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அவ மோருக்கா வாரா? என்னைய வேவு பாக்க வாரா. என் பொண்டாட்டிய நான் ஒரு சத்தம் போடுததுக்கு எவகிட்டயோ கைகட்டி நிக்கணுமாட்டி? ஊர்ல கெடக்க வயல வித்தாவது நமக்குன்னு ஒரு வீடு வாங்குதேன் பாரு. கேக்க ஆளில்லாத வீடு."

கேள்வி கேட்க ஆளில்லாத வீடு என்பதுதான் அவர் சொன்னதன் அர்த்தம். என் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. நான் போடுகிற கூச்சலைக் காதில் வாங்க ஆளில்லாத வீடு. அந்த ஒரு வார்த்தை இரண்டு பக்கமும் வெட்டியது. நான் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தேன். ஒற்றைச் செங்கல் சுவரின் அருமை எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஊருக்கு போன் போட்டுச் சொன்னதும் அம்மா அழுதேவிட்டாள், சந்தோஷத்தில். போய் வருஷம் திரும்பல, அதுக்குள்ள சொந்த வீடு பாக்காங்க என்று தெருவெல்லாம் சொல்லியிருக்கிறாள். என் மிஷினுக்கு அடுத்த மிஷின்காரிகள் பார்ட்டி கேட்டார்கள். எல்லோருக்கும் சிரித்துவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு பார்க்கப் போனோம். தரகர் மொபெட்டில் முன்னால் போவார், நாங்கள் பைக்கில் பின்னால். தரகர் இனிப்பான மனுஷர். பேச்சில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு 'ங்க' போட்டு நம்மை உட்காரவைத்து விசிறுவார். முதலில் காட்டிய வீடு வேலம்பாளையத்திலேயே ஒரு குறுகலான சந்தில் இருந்தது. இரண்டு பக்கமும் சுவர் ஒட்டிய வீடுகள். ஒரு வீட்டில் வாசலில் உட்கார்ந்து ஒரு பெண் பனியன் துணியில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கே வேலை வாங்கிச் செய்கிறவள். எனக்கு மனசு குதித்தது.

"அக்கா, நீங்க பகல் பூரா வீட்டுலதான் இருப்பீங்களா?" என்று கேட்டேன்.

"நானெங்கீங்க போறன்? ராப்பகல் இங்கயேதானுங்க" என்றாள்.

எனக்கு இந்த வீடு போதும் என்று அவரிடம் சொன்னேன். வெளிச்சம் நன்றாக இருக்கிறது, கம்பெனி பக்கம் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் தரகரிடம் மிகவும் பணிவாக, "சுவரு ஒட்டியிருக்கு, நமக்குச் சரிப்படாதுங்க" என்றார். கொங்கு 'ங்க' அவர் வாயில் அழகாக ஒட்டிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் டிவியைச் சத்தமாக வைத்தார். பக்கத்து வீட்டு அக்கா அன்றைக்கு ஓவர்டைமில் இருந்தாள். "ஆளு இருப்பாளான்னு விசாரிக்கியோ?" என்று கேட்டுக் கேட்டு அறைந்தார். கேள்விக்குப் பதில் சொல்லக்கூட இடைவெளி விடவில்லை. கீழே விழுந்தபிறகு காலால் உதைத்தார். டிவியில் யாரோ சமையல் குறிப்பு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து என் இடது காதில் ஓர் இரைச்சல் உண்டு.

இரண்டாவது வீடு பனியன் துணி பின்னுகிற ஒரு நிட்டிங் யூனிட்டை ஒட்டியிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் வட்ட மிஷின்கள் ராப்பகலாக ஓடிக்கொண்டிருந்தன. வீட்டுக்குள் நின்று தரகர் பேசியது எனக்குக் கேட்கவில்லை. அவர் வாய் மட்டும் அசைந்தது. என் வீட்டுக்காரர் நடு அறையில் நின்று தலையைச் சாய்த்து அந்த இரைச்சலைக் கேட்டார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மறக்கப்போவதில்லை.

அந்த வீட்டிலிருந்து என்னைக் காப்பாற்றியது சாமி இல்லை, ஓர் இரும்புக் கம்பி. வீடு அண்ணன் தம்பி இரண்டு பேருக்குப் பாத்தியப்பட்டது. விற்பது அண்ணன். பேசி முடிக்கிற நேரம் தம்பி வாசலில் வந்து நின்றான். உள்ளே பேசினால் கேட்காது என்பதால் எல்லோரும் தெருவுக்கு வந்தார்கள்.

"ஏனுங்கண்ணா, என்னையக் கேக்காம ஊட்ட வெல பேசறீங்களாமா?" என்றான் தம்பி.

"உன்ற பங்கு உனக்கு வந்துருமுங்க தம்பி. செத்த ஒதுங்கி நில்லுங்க."

"ஒதுங்கறதுங்களா? கையெழுத்துப் போட்டீங்கன்னா அந்தக் கைய ஒடைச்சுப்போடுவனுங்கண்ணா."

"ஒடைங்க தம்பி, பாக்கலாமுங்க."

எங்கள் ஊரில் சண்டை என்றால் முதலில் மரியாதை எல்லாம் பறந்துபோகும், பிறகு அம்மா அப்பாவை இழுப்பார்கள், கைகலப்பு வருவதற்குள் நாலு பேர் கூடிவிடுவார்கள். அதனால் நான் இவர்கள் ஏதோ பேசித் தீர்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதே குரலில், அதே மரியாதையில், தம்பி சுவரோரம் கிடந்த கம்பியை எடுத்து வீசினான். அண்ணன் குனிந்துகொண்டார். தரகர் குனியவில்லை. நெற்றி பிளந்து, வெள்ளைச் சட்டை நிமிஷத்தில் சிவந்துபோனது. அண்ணன் பாய்ந்து தம்பியின் தலைமுடியைப் பிடித்து மொபெட்டின்மேல் மோதினார். இரண்டு பேரும் உருண்டு எழுந்து கடித்துக்கொண்டார்கள். அப்போதும் ஒருவர் வாயிலும் ஏகவசனம் வரவில்லை. உடுங்கண்ணா, உடுங்க தம்பி என்றே கேட்டது. தரகர் தலையைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்திருந்தார். அவர் மண்டை உடைந்ததில் எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொன்னால் என்னை மனுஷி என்றே நம்பமாட்டீர்கள். அந்த வீடு போய்விட்டது.

தரகர் தலையில் கட்டோடு மறுபடி வந்தார். "இப்ப காட்டறது தனி ஊடுங்க. வில்லங்கமில்லீங்க, அண்ணன் தம்பி இல்லீங்க. பாத்தாப் புடிச்சுக்குமுங்க" என்றார்.

அது நெருப்பெரிச்சல் என்கிற ஊருக்கு அப்பால், கம்பெனிகளும் முடிந்து சோளக்காடு தொடங்குகிற இடத்தில் இருந்தது. பெரிய தோட்டம் ஒன்றை மனை போட்டு விற்றிருந்தார்கள். நட்டுவைத்த கற்கள் மட்டும் வரிசையாக இருந்தன, வேறு யாரும் இன்னும் வீடு கட்டவில்லை. அந்தப் பொட்டலின் கடைசியில் இந்த ஒரு வீடு. கெட்டியான சுவர், இரும்பு ஜன்னல், தேக்குக் கதவு. நான் மொட்டை மாடியில் ஏறிச் சுற்றிப் பார்த்தேன். மனுஷ நடமாட்டம் என்று எதுவும் கண்ணில் படவில்லை.

"அமைதியான எடமுங்க தம்பி. நீங்க உண்டு, உங்க ஊட்டம்மா உண்டு. இங்க உங்கள ஆருங்க கேக்கப்போறாங்க?" என்றார் தரகர்.

அவர் என் வீட்டுக்காரரின் மனசுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்போல அந்த வார்த்தையையே சொன்னார். அங்கேயே முடிவாகிவிட்டது. இந்த வீட்டுக்கு வந்தால் நான் செத்துப்போவேன் என்று எனக்குத் தெரிந்தது. பயத்தில் தோன்றியது இல்லை, தண்ணீர் நனைக்கும் என்று தெரிவதுபோல் தெரிந்தது. எவ்வளவோ கெஞ்சினேன். தூரமாக இருக்கிறது, பஸ் இல்லை, பாம்பு வரும் என்றேன். "பாம்பு வந்தா நான் அடிக்கேன்" என்றார்.

அட்வான்ஸ் கொடுக்கிற நாளில் அவர் எனக்குப் பட்டுச்சேலை கட்டச் சொன்னார். கையில் இருந்த வீக்கம் தெரியாமல் இருக்க, முழங்கைவரை வருகிற ரவிக்கை போட்டுக்கொண்டேன்.

வீட்டை விற்கிறவர்கள் புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர். பிள்ளைகள் வெளியூரில். வீட்டுக்கார ஐயாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு. வாங்க தம்பி, வாங்க அம்மிணி என்று வாசலுக்கே வந்து அழைத்தார். அந்தம்மா ஒல்லியாக, வேகமாக இருந்தார். எங்களுக்குக் காப்பி கொடுத்துவிட்டு உட்காராமல் அங்குமிங்கும் நடந்தார். சுவரோரம் பித்தளைப் பாத்திரங்கள் எல்லாம் சாக்கில் கட்டித் தயாராக இருந்தன. உடுமலைப்பேட்டையில் கடைவீதிக்குள் அவருடைய தங்கை குடியிருக்கும் தெருவிலேயே வீடு பார்த்துவிட்டார்களாம். "பக்கத்துலயே தங்கச்சி. எதுத்தாப்புல பள்ளிக்கூடம், ஓரத்துல மாவு மில்லுங்க. சனங்க நடந்துக்கிட்டே இருக்குமுங்க" என்று என்னிடம் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார். இப்படி ஓர் இரைச்சலுக்கு ஒருத்தர் ஆசைப்படுவாரா என்று அப்போது எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை. என் கவலை எனக்கு.

தரகர் ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், பூ வைத்து அட்வான்ஸ் கவரை அதன்மேல் வைத்தார். "எங்க பக்கம் ஊடு கைமாறுனா பொம்பளயாளுங்க கையாலதானுங்க மாறோணும். வாங்கறவங்க ஊட்டம்மா வாயால, புடிச்சிருக்குதுங்கன்னு சொல்லோணும். அப்பத்தான் குடுக்கறவங்க ஊட்டம்மா சாவி குடுப்பாங்க. அதுதானுங்க ராசி" என்றார். இது ஊர் வழக்கமா, தரகர் தாமே உண்டாக்கியதா என்று எனக்கு இன்றும் தெரியாது. தாம்பாளத்தைத் தூக்கி என் கையில் கொடுத்தார். அந்தம்மா எதிரே வந்து நின்றார். வலது கையில் சாவிக்கொத்து. முகமெல்லாம் சிரிப்பு.

"ஊடு புடிச்சிருக்குதுங்களா அம்மிணி?"

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். ஒரு சொல் சொன்னால் போதும். சொல்லியிருப்பேன், எத்தனையோ பொய்களோடு இதுவும் ஒன்றாக. ஆனால் அந்தம்மா அவ்வளவு மரியாதையாகக் கேட்டாரே, என்னை ஒருத்தியாக மதித்து யாரும் அப்படிக் கேட்டதே இல்லையே. அந்த மரியாதைக்குப் பதில் மரியாதையாகத்தான் வாயைத் திறந்தேன்.

"இல்லீங்க. இவரு என்னைய அடிப்பாருங்க. இங்க கத்தினா யாருக்கும் கேக்காதுங்க."

தரகர்தான் முதலில் சிரித்தார். "அம்மிணி தமாசு பண்றாங்க" என்றார். என் வீட்டுக்காரரும் சிரித்தார். வீட்டுக்கார ஐயா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அதெல்லாம் குடும்ப வெவகாரமுங்க. நாம அதுல தலையிடப்படாதுங்க. மேல நடக்கட்டுமுங்க" என்றார். அவ்வளவு நாகரிகமான குரல். கூடத்தில் இருந்த மூன்று ஆண்களும் நான் சொன்னதை அப்படியே துடைத்துப் போட்டுவிட்டார்கள்.

"சொல்லுட்டி" என்று என் வீட்டுக்காரர் என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். நான் சொல்லவில்லை. தாம்பாளத்தைக் கீழே விட்டேன். அடுத்த நொடி அறை விழுந்தது. பட்டுச்சேலையோடு சாக்கு மூட்டைகளின்மேல் போய் விழுந்தேன். பித்தளை எல்லாம் கடகடவென்று சத்தம் போட்டது. மூக்கிலிருந்து ரத்தம் வெற்றிலைமேல் சொட்டியது. முதல்முறையாக மூன்றாம் மனுஷர் பார்க்க அடித்திருக்கிறார். எனக்கு அவமானமாக இல்லை. பாருங்கள், நன்றாகப் பாருங்கள் என்றுதான் இருந்தது.

அந்தம்மா சாவிக்கொத்தை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகினார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"நானும் இந்த ஊட்டுல கத்தியிருக்கறனுங்க அம்மிணி. ஆருக்கும் கேக்குலீங்க."

வெளியே சோளத்தட்டை அசைகிற சத்தம் கூடத்துக்குள் கேட்டது.

"உள்ள போடி" என்றார் வீட்டுக்கார ஐயா. அன்றைக்கு அந்த வீட்டு ஆட்கள் வாயிலிருந்து 'ங்க' இல்லாமல் நான் கேட்ட பேச்சு அது ஒன்றுதான்.

அந்தம்மா நகரவில்லை. "நான் சாவி குடுக்கமாட்டனுங்க" என்றார். தரகர் கவரைப் பொறுக்கி எடுத்து என் வீட்டுக்காரர் கையில் திணித்து, இன்னொரு நாளைக்குப் பேசிக்கலாமுங்க என்று எங்களை வெளியே தள்ளினார். எங்களுக்குப் பின்னால் தேக்குக் கதவு சாத்திக்கொண்டது. தரகர் மொபெட்டை மிதித்துக்கொண்டு முதல் ஆளாகப் போய்விட்டார்.

கம்பி வேலிவரை நடந்தபோது உள்ளே பித்தளை உருளும் சத்தமும் அந்தம்மா "அய்யோ" என்பதும் மெலிதாகக் கேட்டன. வேலியைத் தாண்டிப் பைக் நிற்கிற இடத்துக்கு வந்ததும் எதுவும் கேட்கவில்லை. அவ்வளவுதான் தூரம். அங்கே நிற்கும்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. கட்டிவைத்த மூட்டைகள், தங்கச்சி, மாவு மில். நான் வாங்கியிருந்தால் அந்தம்மா தப்பித்திருப்பார். இந்த வீடு கைமாறவேண்டும் என்று அவரைவிட வேண்டிக்கொண்டவர்கள் யாரும் இருக்கமாட்டார்கள். புடிச்சிருக்குதுங்க என்று ஒரு சொல்லை என்னிடமிருந்து வாங்கினால் போதும் என்று நின்றவர், அது வேண்டாம் என்று சாவியை முடிந்துகொண்டு அந்த வீட்டிலேயே நின்றுவிட்டார்.

"ஏறுட்டி. வீட்டுக்குப் போயி இருக்கு ஒனக்கு" என்றார் அவர், பைக்கை உதைத்தபடி.

நான் ஏறவில்லை. திரும்பி ஓடினேன். பட்டுச்சேலை கால் தடுக்கி ஒருமுறை விழுந்து எழுந்தேன். படியேறி இரண்டு கைகளாலும் அந்தக் கதவில் அடித்தேன். மூக்கில் வழிந்த ரத்தம் வாய்க்குள் போய் உப்புக் கரித்தது. "கேக்குதுங்க!" என்று கத்தினேன். "எனக்குக் கேக்குதுங்க! கதவத் தெறங்க! எனக்குக் கேக்குதுங்க!"

உள்ளே சத்தம் சட்டென்று நின்றது. பின்னால் பைக் கிளம்பிப் போவது காதில் விழுந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை, கதவைத் தட்டிக்கொண்டே இருந்தேன்.